தடுப்பூசி முகாம் முடிந்த ஆறாம் நாள் கோமாரி வந்தால்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட வகையில் முதலில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். கோயில் திடலில் நடந்த கோமாரித் தடுப்பூசி முகாமுக்கு உங்கள் நான்கு மாடுகளையும் ஓட்டிச் சென்றீர்கள். ஆறாம் நாள் அவற்றில் இரண்டுக்கு எச்சில் நூலாக ஒழுகத் தொடங்கியது, மறுநாள் குளம்பிடையில் புண் கண்டது, அதே வாரத்தில் பக்கத்துத் தெருவிலும் மாடுகள் படுத்தன. அடுத்த சுற்று வரும்போது மாட்டை ஓட்டிப் போவதா, கட்டுத்தறியிலேயே நிறுத்திக்கொள்வதா என்று கேட்கிறீர்கள். தடுப்பு மருந்தே நோயைக் கொடுத்ததா என்பது இதில் வெளியே தெரியும் கேள்வி. முகாம் நடக்கும் அந்த ஓரிரு மணி நேரத்தில் ஒரு மாட்டிலிருந்து இன்னொரு மாட்டுக்கு நோய் போக வழி இருக்கிறதா, இருந்தால் அதை அடைப்பது எப்படி என்பதுதான் உண்மையில் உங்களுக்குத் தெரியவேண்டியது. மேற்கு மாவட்டங்களில் 27 ஆண்டுகள் கால்நடை உதவி மருத்துவராகக் களப்பணி செய்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் இரண்டுக்கும் பதில் சொல்கிறேன். உங்கள் மாடுகளை நான் நேரில் பார்க்கவில்லை என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மருந்தைப் பற்றிய பகுதியில் ஐயத்துக்கு அதிக இடமில்லை. நம் மாடுகளுக்குப் போடப்படும் கோமாரித் தடுப்பு மருந்தில் ஓ, ஏ, ஆசியா-1 என்னும் மூன்று வகை வைரஸ்கள் உள்ளன. அவை வளர்க்கப்பட்டு, வேதிப்பொருளால் செயலிழக்கச் செய்யப்பட்டு, எண்ணெயோடு கலக்கப்பட்டவை. செயலிழந்த வைரஸ் உடலுக்குள் பெருகாது, ஆகவே நோயாகவும் மாறாது. இந்தப் பயம் முழுக்க ஆதாரமற்றது என்றும் சொல்லிவிட முடியாது. பார்மலின் கொண்டு செயலிழக்கச் செய்த பழைய மருந்துகளில் சில வேளைகளில் உயிருள்ள வைரஸ் மிஞ்சியிருந்து, மேற்கு ஐரோப்பாவில் 1980-களின் தொடக்கம் வரை அதனாலேயே கோமாரி கிளம்பியது. வைரஸின் மரபணுவை ஒப்பிட்டு அதைப் பின்னர் கண்டுபிடித்தார்கள். அதன் விளைவாகவே செயலிழக்கச் செய்யும் முறை மாற்றப்பட்டு, ஒவ்வொரு தொகுதியும் சோதிக்கப்பட்ட பிறகே வெளியே வருகிறது. எனவே உங்கள் மாடுகளுக்கு நோயைக் கொடுத்தது அந்த 2 மில்லி மருந்து என்று நான் கருதவில்லை.

அப்படியானால் ஆறாம் நாள் ஏன் வந்தது? கோமாரி வைரஸ் உடலில் புகுந்து அறிகுறி தெரிய 2 முதல் 14 நாட்கள் ஆகும். தடுப்பு மருந்து நம்பத்தக்க எதிர்ப்புச் சக்தியைத் தர இரண்டு மூன்று வாரம் வேண்டும். முதன்முறையாகப் போட்டுக்கொள்ளும் கன்றுக்கு ஒரு மாதம் கழித்து இரண்டாவது ஊசியும் போட்டால்தான் அந்தக் காப்பு நிலைக்கும். இந்த இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: ஊசி போட்ட முதல் இரண்டு வாரங்களில் மாடு ஏறக்குறைய காப்பில்லாமலேயே நிற்கிறது, முகாமில் தொற்றிய நோய் வெளிப்படுவதும் அதே இரண்டு வாரங்களில்தான். மறுநாளே எச்சில் ஒழுகியிருந்தால் அந்த மாடு முகாமுக்கு வருவதற்கு முன்பே நோயை வாங்கியிருந்தது என்று துணிந்து சொல்லலாம். ஆறாம் நாள் என்பது இரண்டு பக்கமும் சாயக்கூடிய நாள். முகாமுக்கு நான்கு நாள் முன்பு உங்கள் மாடுகள் தண்ணீர்த் தொட்டியில் வேறு மாடுகளோடு குடித்திருந்தாலும் இதே தேதி வரும், முகாமில் தொற்றியிருந்தாலும் இதே தேதி வரும்.

முகாமில் தொற்ற வழி உண்டா என்றால், உண்டு, தாராளமாக உண்டு. அவற்றில் முதன்மையானது ஊசி என்று எல்லோரும் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் முதன்மையானது கூட்டம். அறுபது வீட்டு மாடுகள் ஒரு புளியமரத்தடியில் ஒன்றின் மூக்கை ஒன்று முகர்ந்துகொண்டு ஒரு மணி நேரம் நிற்பது, மற்ற நாட்களில் சந்தையில் மட்டுமே நடக்கும் காரியம். கோமாரி கண்ட மாடு கொப்புளம் தெரிவதற்கு முன்பே மூச்சிலும் எச்சிலிலும் பாலிலும் வைரஸை வெளிவிடத் தொடங்கிவிடுகிறது. பாலில் நான்கு நாட்கள் முன்பே கண்டிருக்கிறார்கள். ஆகவே ‘நோயுள்ள மாட்டைக் கொண்டுவராதீர்கள்’ என்று ஊரில் தண்டோரா போட்டால் மட்டும் போதாது, கொண்டுவந்தவருக்கே அது நோயுள்ள மாடு என்று தெரிந்திருக்காது. செம்மறியாட்டில் இந்த நோய் லேசான நொண்டலோடு போய்விடும். வயலில் கிடை போட வந்த மந்தை ஊருக்குள் நோயை விட்டுவிட்டுப் போனதை ஊர் கவனிப்பதே இல்லை.

இரண்டாவது வழி கை. நம் பக்கம் மாட்டை அடக்கும் விதத்தைப் பாருங்கள்: ஊசி போடுபவர் பின்பக்கமோ கழுத்துப் பக்கமோ நிற்க, உதவியாளர் ஒருவர் மாட்டின் மூக்குத் துவாரங்களில் இரண்டு விரலைக் கொடுத்துத் தலையைத் திருப்பிப் பிடிக்கிறார். ஐம்பது மாட்டின் மூக்குச் சளியும் எச்சிலும் அதே இரண்டு விரல்களில் சேர்கின்றன. வைரஸ் மிகுதியாக இருக்கும் இடமும் அதுதான், அது புகுவதற்கு எளிதான இடமும் அதுதான். ஊசி முனையை மாட்டுக்கு மாடு மாற்றிவிட்டு, மூக்கைப் பிடித்த கையைக் கழுவாமல் அடுத்த மாட்டுக்குப் போனால் பாதி வேலை வீண். மாட்டுக்காரரே தம் மாட்டைத் தம் கயிற்றால் பிடிக்க வேண்டும். முகாம் குழு எந்த மாட்டின் முகத்தையும் தொடக்கூடாது. செலவே இல்லாத இந்த ஒரு மாற்றத்தை நடைமுறைப்படுத்த எனக்குப் பல ஆண்டுகள் ஆயின, ஏனென்றால் அடம்பிடிக்கும் மாட்டைப் பிடிக்க ஊரில் பெயரெடுத்த ஒருவர் எப்போதும் இருப்பார், அவரைத் தடுத்தால் அவருக்குக் கோபம் வரும்.

கையைப் பற்றி இவ்வளவு பேசுவதற்குக் காரணம் என் சொந்தத் தவறு. பணியின் மூன்றாம் ஆண்டில் வீடு வீடாக ஊசி போட்டுக்கொண்டு போனபோது, ஒரு வீட்டில் மாடு காலையிலிருந்து தீவனம் எடுக்கவில்லை என்றார்கள். நாக்கை இழுத்துப் பார்த்தேன். மேல்தோல் உரிந்து கையோடு வந்தது. வாளித் தண்ணீரிலும் சோப்பிலும் கையைக் கழுவிக்கொண்டு, மருந்து வீணாகிவிடுமே என்று அடுத்த நான்கு வீடுகளுக்கும் போய் முடித்துவிட்டு வந்தேன். ஒரு வாரத்தில் அந்த நான்கு வீடுகளிலும் கோமாரி. தெருவில் ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருந்த வைரஸாகவும் இருக்கலாம், நிரூபிக்க வழியில்லை. ஆனாலும் அது என் கை என்றே இன்றுவரை எடுத்துக்கொண்டிருக்கிறேன். அன்று நான் செய்திருக்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: அந்த வீட்டோடு அன்றைய வேலையை நிறுத்தி, குளித்து உடை மாற்றி, மருந்து பாழானால் பாழாகட்டும் என்று விட்டிருக்க வேண்டும்.

சோப்பு ஏன் போதவில்லை என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். தோல் கழலை நோய் வைரஸ் போன்றவற்றுக்குக் கொழுப்பாலான மேலுறை உண்டு. சோப்பும் ஸ்பிரிட்டும் அதைக் கரைத்துவிடும். கோமாரி வைரஸுக்கு அந்த உறை கிடையாது. தேய்த்துக் கழுவினால் எண்ணிக்கை குறையும், ஆனால் சோப்பும் ஸ்பிரிட்டும் அதை நம்பகமாகக் கொல்வதில்லை. அதற்குப் பலவீனம் புளிப்பிலும் காரத்திலும்தான்: கார அமில அளவு 6-க்குக் கீழே போனாலும் 9-க்கு மேலே போனாலும் தாங்காது. அதனால் செருப்பு, பூட்ஸ், வண்டிச் சக்கரம், வாளி இவற்றுக்கு 10 லிட்டர் தண்ணீரில் 400 கிராம் சலவைச் சோடா கரைத்தால் போதும். கைக்கும் கயிற்றுக்கும் மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று விற்கும் சிட்ரிக் அமிலம் 10 லிட்டருக்கு 20 கிராம் போடலாம், தோலைப் புண்ணாக்காது. காஸ்டிக் சோடா இன்னும் வலுவானது, ஆனால் தோலையும் கண்ணையும் பதம்பார்த்துவிடும் என்பதால் நான் யாருக்கும் சொல்வதில்லை. எந்தக் கரைசலானாலும் சாணமும் மண்ணும் ஒட்டிய பொருளின் மேல் ஊற்றினால் வேலை செய்யாது. முதலில் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் கரைசலில் முக்க வேண்டும், முக்கியதும் உடனே எடுத்துவிடாமல் சில நிமிடம் ஊறவும் விட வேண்டும். முகாம் வாசலில் வைத்திருக்கும் இளஞ்சிவப்புப் பொட்டாசியம் பெர்மாங்கனேட் தட்டில் சேற்றுக் காலோடு மிதித்துவிட்டுப் போவது பெரும்பாலும் சடங்கு.

இனி ஊசி முனை. மாட்டுக்கு ஒரு முனை என்பதே சரியான நடைமுறை, இதில் தளர்வு கூடாது என்பதே என் கருத்து. ஆனால் கோமாரியைவிட வேறு நோய்களுக்காகவே இதை நான் வற்புறுத்துகிறேன். இரத்தத்தின் வழியே போகும் அனப்பிளாஸ்மா, சர்ரா, மாட்டு இரத்தப் புற்றுநோய் வைரஸ் போன்றவை முனையில் ஒட்டிய துளி இரத்தத்திலேயே போய்ச் சேரும். அமெரிக்காவில் 2010-இல் வெளியான ஓர் ஆய்வில், அனப்பிளாஸ்மா உள்ள மாட்டைக் குத்திய முனையாலேயே நலமான பத்துக் காளைகளையும் தடுப்பூசி போடுவதுபோல் குத்தியபோது ஆறு காளைகளுக்கு நோய் வந்தது. சிவப்பணுக்களைத் தாக்கும் இந்த நோய் வெளிப்படச் சில வாரங்கள் பிடிக்கும். அதற்குள் முகாமை எல்லோரும் மறந்திருப்பார்கள், பழி முழுவதும் உண்ணியின் மேல் விழும். மாட்டை அடையாளம் காணக் காதில் பொருத்தும் எண் வில்லையைக் குத்தும் இடுக்கியையும் இதே கணக்கில் சேர்க்க வேண்டும். அந்த 12 இலக்க வில்லையைக் குத்தும்போது இரத்தம் வருவதைக் கண்ணாலேயே பார்க்கிறோம், ஆனால் ஊசி முனையை மாற்றுபவர்கள்கூட இடுக்கியைத் துடைப்பதில்லை. இன்னொன்று: மாட்டைக் குத்திய முனையை மருந்துக் குப்பியின் ரப்பர் மூடிக்குள் மறுபடி நுழைத்தால் அந்தக் குப்பியில் மிச்சமிருக்கும் மருந்து முழுவதும் அழுக்காகிவிடும். உறிஞ்சுவதற்கென்று ஒரு முனையைக் குப்பியிலேயே குத்தி வைத்துவிட்டு, சிரிஞ்சை மட்டும் கழற்றி எடுப்பதுதான் முறை.

முனைகள் குறைவாக இருந்த காலத்தில் நாங்கள் வெந்நீரில் இருபது நிமிடம் கொதிக்கவைத்துப் பயன்படுத்தினோம். இன்றும் அது தவறில்லை, ஸ்பிரிட்டில் ஒரு முக்கு முக்கி எடுப்பதுதான் தவறு. உயிருள்ள நுண்ணுயிர் கொண்ட தடுப்பு மருந்துகளில் அது இரட்டைத் தவறாகிவிடும். ஆட்டுக் கொல்லி நோய், தோல் கழலை நோய், கன்று வீச்சுக்கான புருசெல்லா இவற்றின் மருந்துகள் பலவீனப்படுத்திய உயிருள்ள கிருமிகளால் ஆனவை. சிரிஞ்சுக்குள் மிஞ்சிய ஸ்பிரிட் அல்லது டெட்டால் நோயைப் பரப்பும் கிருமியை விட்டுவிட்டு நாம் போடும் மருந்தைக் கொன்றுவிடலாம். 4 முதல் 8 மாதக் கிடேரிக் கன்றுகளுக்கு மட்டுமே போடும் புருசெல்லா மருந்தில் ஆபத்து மனிதர் பக்கமும் இருக்கிறது. அது கண்ணில் தெறித்தாலோ முனை விரலில் குத்தினாலோ போடுபவருக்கே காய்ச்சல் நோய் வரும், ஆகவே கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் அந்தக் குப்பியைத் திறக்கக்கூடாது. மாட்டைப் பிடிக்கும் நீங்களும் முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். மிச்ச மருந்தையும் காலிக் குப்பியையும் திடலின் ஓரத்தில் வீசிவிட்டுப் போகும் குழுவை நிறுத்திக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

யாருக்கு முதலில் போடுவது என்ற வரிசைக்கு நான் மிகுந்த முக்கியத்துவம் கொடுப்பேன். ஓர் ஊரில் நோய் கண்டுவிட்டால் அந்த ஊரைச் சுற்றியுள்ள நலமான ஊர்களில், அதுவும் தொலைவிலிருந்து தொடங்கி உள்நோக்கி வருவதுதான் வளையத் தடுப்பூசி. மக்கள் கேட்பதோ இதற்கு நேர்மாறாக இருக்கும். நோய் வந்த ஊருக்குத்தான் உடனே வரச்சொல்லி அழைப்பு வரும், அங்கே போய்விட்டு அதே வண்டியில் அடுத்த ஊருக்குப் போனால் நாமே நோயை ஏற்றிச் சென்றவர்களாவோம். ஒரு பண்ணைக்குள்ளும் இதே வரிசைதான்: கன்றுகள், நலமான மாடுகள், கடைசியில் சந்தேகமான கொட்டகை. இதைக் கெடுப்பது பெரும்பாலும் அன்புதான். ‘டாக்டர், வந்ததுதான் வந்தீங்க, அந்த மடி வீங்கின மாட்டையும் ஒரு பார்வை பாத்துட்டுப் போங்க’ என்று கேட்காத வீடே கிடையாது. மடிநோய் மாட்டின் காம்பைப் பிதுக்கிப் பார்த்த கையோடு, சினைப் பரிசோதனைக்குக் கைவிட்ட உறையோடு, அடுத்த வீட்டுக் கொட்டகைக்குள் போவதைவிட, மாலையில் தனியாக வருகிறேன் என்று சொல்லிச் சிறிது மனவருத்தத்தை ஏற்றுக்கொள்வது மேல்.

திடலில் முகாமா, வீடு வீடாகவா என்று கேட்டால் நான் வீடு வீடாகப் போவதையே சொல்வேன். திடலில் நோயைச் சுமப்பவை மாடுகள், அவற்றைக் கழுவிக் கிருமிநீக்க முடியாது. வீடு வீடாகப் போகும்போது சுமப்பவர்கள் மூன்று நான்கு மனிதர்கள், அவர்களைக் கழுவ முடியும். நேரமும் ஆளும் இரண்டு மடங்காகும் என்பதையும், ஒரு மருத்துவர் ஆயிரக்கணக்கான மாடுகளை ஒரு மாதத்துக்குள் முடிக்க வேண்டிய நெருக்கடியில் இருப்பதையும் நான் அறிவேன். ஆகவே திடல்தான் என்றால், தெருவாரியாக நேரம் பிரித்துக் கொடுக்கச் சொல்லி உங்கள் பால் சங்கத்தின் மூலம் கேளுங்கள். ஒரு தெரு மாடுகள் போன பிறகு அடுத்த தெரு வரட்டும், மாட்டுக்கு மாடு பத்தடி இடைவெளி இருக்கட்டும், பொதுத் தொட்டியில் தண்ணீர் காட்ட வேண்டாம். முந்தைய நாள் மாலை உங்கள் மாடுகளை நீங்களே பாருங்கள்: பால் திடீரென்று குறைந்ததா, அசை போடுகிறதா, நொண்டுகிறதா, மூக்கு காய்ந்திருக்கிறதா. வெப்பமானி இருந்தால் 103 டிகிரிக்கு மேல் உள்ள மாட்டை வீட்டிலேயே நிறுத்திவிட்டுச் செய்தி மட்டும் அனுப்புங்கள். நிறைசினை மாட்டையும் திடலுக்கு ஓட்ட வேண்டாம். திரும்பி வந்ததும் உங்கள் கையையும் செருப்பையும் கயிற்றையும் மேலே சொன்ன கரைசலில் கழுவிய பிறகு கொட்டகைக்குள் போங்கள். அன்றிலிருந்து மூன்று வாரத்துக்குச் சந்தை, தேர்த் திருவிழா மாட்டுத்தாவணி இவற்றுக்கு அந்த மாடுகளைக் கொண்டுபோகாதீர்கள். புதிதாக வாங்கிய மாட்டையும் அந்த நாட்களில் அவற்றோடு சேர்த்துக் கட்டாதீர்கள்.

இதுவரை சொன்னவற்றில் நான் உறுதியாக இருக்கிறேன். உறுதி குறைந்த இடங்களையும் சொல்ல வேண்டும். நோயுள்ள மாட்டின் அருகே நின்ற மனிதரின் மூக்கில் கோமாரி வைரஸ் ஒரு நாளுக்கு மேல் இருந்ததாக 1970-இல் இங்கிலாந்து ஆய்வாளர்கள் கண்டார்கள், அதை வைத்தே ‘நோய் கண்ட பண்ணைக்குப் போனவர் மூன்று நாள் வேறு பண்ணைக்குப் போகக்கூடாது’ என்ற விதிகள் எழுந்தன. பின்னர் நடந்த சோதனைகளில் கை கழுவி, குளித்து, உடை மாற்றியவர்களால் நோய் பரவவில்லை. மூக்கைப் பற்றிய அச்சம் அதிகப்படியானது என்பது என் எண்ணம், ஆனால் அடித்துச் சொல்லமாட்டேன். கோமாரியில் ஊசி முனையின் பங்கு எவ்வளவு என்பதும் அப்படித்தான். காய்ச்சல் கட்டத்தில் இரத்தத்தில் வைரஸ் இருக்கிறது, ஆகவே முனை வழியாகப் போவது நடக்கக்கூடியதே. ஆனால் கூட்டமும் கையும் முனையும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் செயல்படும்போது எது காரணம் என்று களத்தில் பிரித்துக் காட்ட எவராலும் முடிவதில்லை. தோல் கழலை நோய்க்கு வேறொரு சிக்கல். 2017-இல் ரஷ்யாவில் தடுப்பு மருந்து வைரஸும் நோய் வைரஸும் கலந்த புதிய வகை ஒன்று பிடிபட்டது. நம் நாட்டில் 2022-இல் தோல் கழலை நோய் பெருகியபோது பரவலாகப் போடப்பட்டது ஆட்டம்மைத் தடுப்பு மருந்து. அது வேறு வைரஸ் என்பதால் ரஷ்ய அனுபவத்தை அப்படியே இங்கே பொருத்திப் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் அந்த நோயைக் கொசுவும் கடிக்கும் ஈயும் தூக்கிச் செல்வதால், மழை முடிந்த ஈக்காலத்தில் மாடுகளை ஒரே இடத்தில் கூட்டுவதை நான் கோமாரியைவிட அதிகமாகத் தவிர்ப்பேன்.

மருந்தின் மேல் ஒரு நியாயமான சந்தேகம் வேண்டுமென்றால், அது குளிர்ப் பெட்டியைப் பற்றியதாக இருக்கட்டும். கோமாரி மருந்து 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். வெயிலில் சூடானாலும் கெடும், பனிக்கட்டியோடு ஒட்டி உறைந்தாலும் கெடும். கெட்ட மருந்து நோயைத் தராது, காப்பையும் தராது. ஊசி போட்டு இரண்டு மாதம் கழித்து நோய் வந்தால் நான் முதலில் கேட்பது பெட்டியைத்தான். ஆறாம் நாள் வந்ததற்குப் பெட்டியைக் குறைசொல்ல முடியாது.

உங்கள் மாடுகளுக்கு வந்தது எந்த வகை என்று தெரிந்துகொள்வதற்குக் கொப்புளத் தோலை மாதிரியாக எடுக்க வேண்டும், அது முதல் சில நாட்களிலேயே நடக்க வேண்டிய வேலை. பல வாரங்கள் கடந்திருந்தால் இரத்தப் பரிசோதனையில், தடுப்பூசியால் வந்த எதிர்ப்பணுவா நோயால் வந்ததா என்று பிரித்துப் பார்க்க முடியும். உங்கள் மருந்தகத்தில் சொன்னால் மாவட்ட நோய்ப் புலனாய்வுப் பிரிவுக்கு அனுப்புவார்கள். அடுத்த சுற்றில் மாட்டை நிறுத்திக்கொள்வதா என்ற கேள்விக்கு என் பதில், நான்கையும் ஓட்டிப் போங்கள் என்பதே, நோய் கண்டு தேறிய இரண்டையும் சேர்த்து. ஒரு வகை வைரஸால் வந்து தேறிய மாட்டுக்கு அந்த வகையிலிருந்து மட்டுமே சில காலம் காப்பு கிடைக்கிறது, மற்ற இரண்டு வகைகளும் அதைத் தாக்கலாம். தேறிய மாட்டின் தொண்டையில் வைரஸ் மாதக்கணக்கில் தங்கியிருப்பதும் உண்டு. அதிலிருந்து மற்ற மாடுகளுக்குப் பரவுவது மிக அரிது என்றாலும், அந்த இரண்டையும் திடலில் கடைசியாக நிறுத்தி, புண் ஆறிய தேதியை ஊசி போடுபவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.